புள்ளி வைத்த அட்டைகள்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி என் கண்ணெதிரே மூன்று முறை கைமாறியிருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை. வாங்கினவர்கள் ஒவ்வொருவரும் கட்டடத்தோடு பெயரையும் சேர்த்தே வாங்கினார்கள். அந்தப் பெயரைச் சொன்னால்தான் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் பஸ் ஏறி வருவார்கள் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சென்ற வருடம் அந்தப் பெயரை நம்பி வந்த ஒரு பெண், எங்கள் எமர்ஜென்சி வார்டில் மூச்சு நின்றுபோகிற நிலைக்கு வந்தாள். அதற்கு ஆஸ்பத்திரி கைமாறியது ஒரு காரணம், நான் இன்னொரு காரணம். இன்னமும் பக்கத்தில் யாராவது திடீரென்று இருமினால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

நான் சேர்ந்தபோது அது ஒரு டாக்டர் தம்பதி நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. ஐயா ஆபரேஷன் செய்வார். அம்மா பிரசவத்திலிருந்து பேதிவரைக்கும் மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். எங்கள் அத்தாவுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கயிறு, தார்ப்பாய்க் கடை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் தம்பிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த என்னை, கடைக்கு வந்த டாக்டரம்மா ஒரு நாள் பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ண எங்கிட்ட அனுப்புங்க பாய், அட்டை எடுத்துக் குடுக்க ஆள் இல்ல” என்றார். கல்யாணம் ஆகும்வரை போகட்டும் என்று அத்தா அனுப்பி வைத்தார். கல்யாணமும் ஆகி, பிள்ளைகளும் பிறந்து, அவர்கள் கம்பெனி வேலைக்குப் போன பிறகும் நான் அங்கேதான் இருக்கிறேன்.

அட்டை என்றால் இப்போது கழுத்தில் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் சமாச்சாரம் இல்லை. பழுப்பு நிறத்தில், தடியாக, இரண்டாக மடித்து இருக்கும். ஆளுக்கு ஒன்று கிடையாது, குடும்பத்துக்கு ஒன்று. சந்தை நாளில் கெலமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தால் தனியாக வரமாட்டார். அவருக்கு மூட்டுவலி, சம்சாரத்துக்குத் தலைசுற்றல், பேரனுக்குச் சளி என்று மொத்தமாக வந்து பெஞ்சை அடைத்துக்கொள்வார்கள். டாக்டரம்மா எல்லோருக்கும் அந்த ஒரே அட்டையில் எழுதுவார். மேலே குடும்பத் தலைவர் பெயர், ஊர், வீட்டில் பேசும் மொழி. மொழி எதற்கென்றால், தாய்மொழியில் கேட்டால்தான் வலிக்கிற இடத்தைச் சரியாகக் காட்டுவார்கள் என்பது அவருடைய கட்சி. தெலுங்கு வீட்டுக்குத் தெலுங்கு, கன்னட வீட்டுக்குக் கன்னடம் என்று மாற்றி மாற்றிப் பேசுவார். உருது பேசுகிற வீட்டாரிடம் அவர் பேசுகிற உருதுவைக் கேட்டால் சிரிப்பை அடக்க முடியாது.

அட்டைகளை நான் ஊர்வாரியாக அடுக்கியிருந்தேன். உத்தனப்பள்ளிக்கு ஒரு தட்டு, கெலமங்கலத்துக்கு இரண்டு தட்டு, தூரத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஜன்னலோரத்தில் ஒரு தட்டு. ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைப் பார்த்து அட்டையை உருவிவிடுவேன். யாருக்காவது ஏதாவது மருந்து ஆகாது என்றால், டாக்டரம்மா அட்டையின் தலையில் சிவப்பு மையில் எழுதிவிடுவார். மற்ற எழுத்தெல்லாம் அவருக்கு மட்டும்தான் புரியும். சிவப்பில் எழுதுவதை மட்டும் சின்னப் பிள்ளைகூடப் படிக்கும்படி எழுதுவார்.

இந்த முறையில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பெண்களால் வந்த சிக்கல் என்று ஐயா சொல்வார். எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். கல்யாணத்தால் வந்த சிக்கல் என்று சொல்ல வேண்டியதுதானே? பையன்கள் பிறந்ததிலிருந்து ஒரே அட்டையில் கிடப்பார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் புகுந்த வீட்டு அட்டையில் புதிதாகப் பெயர் ஏறும். அவளுடைய பழைய சங்கதிகளெல்லாம் பிறந்த வீட்டு அட்டையிலேயே தங்கிவிடும்.

உத்தனப்பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு அப்படித்தான் ஆயிற்று. தக்காளித் தோட்டத்தில் மண்வெட்டி பட்டுக் கால் சீழ் பிடித்து வந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும். டாக்டரம்மா பென்சிலின் ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார். கழுவி முடிக்கவில்லை, அந்தப் பெண்ணின் உதடு இரண்டும் வீங்கிவிட்டன. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாய் எழும்பி, மூச்சை இழுக்க முடியாமல் விசில் மாதிரி சத்தம் வந்தது. நான்தான் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலின் சூடு என் கைக்குள்ளேயே குறைவதை உணர்ந்தேன். டாக்டரம்மா மாற்று ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, அவளை இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு அந்த வீட்டு அட்டையை என்னிடம் வாங்கி, ‘மூத்த மகளுக்குப் பென்சிலின் எந்த ரூபத்திலும் கூடாது. கொடுத்தால் உயிர் போகும்’ என்று சிவப்பில் எழுதினார். அவ்வளவு நல்ல கையெழுத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

ஏழெட்டு வருடம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா ஒரு நாள் தனியாக வந்தார். காலை நேரம், கூட்டம் இல்லை. நேராக அட்டை அறைக்குள் வந்து கதவை ஒருக்களித்து வைத்தார்.

“கண்ணு, பொண்ணுக்கு நிச்சயம் முடிஞ்சிருக்குது. மாப்பிள்ள வூடு கெலமங்கலம். அவங்க வூட்டு அட்டையும் இங்கதான கீது?”

“ஆமாக்கா, இருக்குது.”

“நாளைக்கு எம் பொண்ணு பேர அதுல ஏத்துவீங்க. அந்தச் செவப்பு எழுத்த மட்டும் ஏத்தாதீங்க கண்ணு. ஊசி போட்டா உழுந்துடுவான்னு தெரிஞ்சா, வியாதிக்காரப் பொண்ணத் தலயில கட்டிட்டாங்கன்னு பேசுவாங்க. அவ மாமியா வேற ஒரு மாதிரி.”

நான் அவரை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். டாக்டரம்மா முதலில் சத்தம் போட்டார். “எழுதலன்னா உங்க பொண்ணு உயிருக்குத்தாம்மா ஆபத்து. மாமியாருக்கு இல்ல” என்றார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எதிர்த்துப் பேசுகிறவர்களை டாக்டரம்மா ஜெயித்துவிடுவார். பேசாமல் நிற்கிறவர்களிடம் எப்போதும் தோற்றுப்போவார். கடைசியில் என்னிடமிருந்து ஒரு பென்சிலை வாங்கி, கெலமங்கலத்து வீட்டு அட்டையின் கீழ் மூலையில், அந்தப் பெண்ணின் பெயர் ஏறப்போகிற பக்கத்தில், ஒரு புள்ளி வைத்தார்.

“இந்தப் புள்ளி இருந்தா பொறந்த வீட்டு அட்டையையும் சேத்து எடுத்துட்டு வரணும். யார்கிட்டயும் சொல்லாத. எனக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்” என்றார்.

அன்று ஆரம்பித்தது. வலிப்பு வந்த பெண், சின்ன வயதில் டிபி வந்து குணமான பெண், முதுகில் வெள்ளைத் திட்டு இருக்கிற பெண் என்று அம்மாமார்கள் ஒவ்வொருவராக வந்து கதவை ஒருக்களித்தார்கள். எங்கள் ஜமாத்துக்காரர்களும் வந்தார்கள், விவசாயக் குடும்பத்தாரும் வந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே ஜாதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பென்சில் புள்ளி. பெண் வந்தால் இரண்டு அட்டையையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி டாக்டரம்மாவின் மேஜையில் வைப்பேன். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது. இத்தனை வீட்டு ரகசியம் என்னிடம் இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அது தப்பான ஏற்பாடு, ஒரு பெண்ணின் உயிரைப் பென்சில் புள்ளியில் தொங்கவிட்டிருக்கிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் உறைக்கவில்லை.

ஐயா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். டாக்டரம்மாவின் மகள் வெளிநாட்டில் இருந்தாள், தனியாக இருக்க வேண்டாம் என்று கூப்பிட்டாள். ஐந்து டாக்டர்கள் கூட்டாகச் சேர்ந்து ஆஸ்பத்திரியை வாங்கினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் டாக்டரம்மா அட்டை அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “புள்ளிகள மறந்துடாத. புது டாக்டர்களுக்கு நீதான் சொல்லணும்” என்றார். சொல்கிறேன் என்றேன். போன இடத்தில் இரண்டே வருடத்தில் அவரும் இறந்துபோனார்.

ஐந்து டாக்டர்களும் வந்த அன்று வாசலில் ஹோமம் நடந்தது, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நான் இரண்டு சாப்பிட்டேன். அவர்கள் ஐந்து பேருக்குள் யார் பெயர்ப்பலகை மேலே, யாருக்கு எந்த அறை என்கிற சண்டையே ஓயவில்லை. அதனால் அட்டை அறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. புள்ளி வைத்த அட்டை வந்தால் நான் பாட்டுக்கு இரண்டாவது அட்டையையும் செருகி அனுப்பினேன். எதற்கு இரண்டு என்று கேட்டவர்களிடம் “இந்தம்மா பொறந்த வீடு சார், மேல செவப்பப் பாருங்க” என்பேன். பார்த்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சண்டை முற்றி அவர்கள் பிரிந்தபோது பெங்களூர்க் கம்பெனி ஒன்று வாங்கியது. இந்த முறை ஹோமம் இல்லை. எங்களை ஒரு ஹோட்டல் ஹாலில் உட்கார வைத்து, திரையில் படம் காட்டி, ஆளுக்கொரு நீல நிறக் கழுத்துக் கயிறு கொடுத்தார்கள். நாமெல்லோரும் இனிமேல் ஒரே குடும்பம் என்று இங்கிலீஷில் சொன்னார்கள். அந்த வாரமே குடும்பத்திலிருந்து பழைய ஆயாக்கள் இரண்டு பேரையும், இருபது வருடமாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த டிரெஸ்ஸரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் அடுத்தது என்று கேன்டீனில் பேச்சு. எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் துணி போட்டு அதைத் துடைப்பதுதான்.

அட்டை அறை ஸ்கேன் அறையாகப் போகிறது என்றார்கள். லேப்டாப்போடு நான்கு பேர் வந்தார்கள். சமீபத்தில் வந்து போன குடும்பங்களின் அட்டைகளைப் பார்த்து, ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர்கள் வேலை. ஏற்றி முடித்த அட்டைகளோடு, ரொம்ப நாளாக யாரும் வராத அட்டைகளையும் பொறுக்கிச் சாக்கில் கட்டுவது என் வேலை. பேப்பர் மில்லிலிருந்து வண்டி வரும்.

புள்ளிகளைப் பற்றி நான் சொல்லாமல் இல்லை. மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர்தான், யாரையும் வாடா போடா என்று பேசமாட்டார். “சார், சில அட்டைல மூலையில பென்சில்ல ஒரு புள்ளி இருக்கும்” என்று ஆரம்பித்தேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “யார் வச்ச புள்ளி? எழுத்துல ஏதாவது ரூல் இருக்கா?” என்று கேட்டார். எழுத்தில் ஏது? இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது, அதில் ஒருவர் இறந்துவிட்டார். இதை விளக்கிச் சொன்னால், இத்தனை வருடமாக நோயாளியின் விவரத்தை மறைத்து வைத்தவள் என்று என்னைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று தோன்றியது. “ஒண்ணுமில்ல சார், சும்மா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

உத்தனப்பள்ளித் தட்டுக்கு வந்தபோது அந்த அட்டை என் கையில் வந்தது. அந்தப் பெண்ணின் அப்பா, அம்மா இரண்டு பேருமே காலமாகிவிட்டார்கள். தம்பி தோட்டத்தை லேஅவுட்காரர்களுக்கு விற்றுவிட்டு பெங்களூர் போய்விட்டான். அந்த வீட்டிலிருந்து யாரும் வந்து பல வருடம் ஆகியிருந்தது. சிவப்பு எழுத்து மங்காமல் அப்படியே இருந்தது. நான் படித்தேன். படித்துவிட்டு, எனக்குத்தான் தெரியுமே, என் தலையில்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு சாக்கில் போட்டேன். ஒளித்து வைத்திருக்கலாம். கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். பக்கத்தில் நான்கு பேர் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் வேகமானவள் என்று காட்ட வேண்டியிருந்தது. நான் பயந்தேன். அதற்குமேல் அதில் ஒரு மண்ணும் இல்லை. வண்டி வந்ததும் இத்தனை சாக்கு என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

மூன்றாவது முறை கைமாறியது யாருக்குமே தெரியாது. ஒரு நாள் நீலக் கயிற்றை வாங்கிக்கொண்டு பச்சைக் கயிறு கொடுத்தார்கள், அவ்வளவுதான். புது முதலாளி யார் என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. மும்பை என்கிறார்கள், அதற்கும் அப்பால் என்கிறார்கள். என்னை வாசலுக்குப் பக்கத்தில் விசாரணை மேஜையில் உட்கார வைத்தார்கள். எக்ஸ்ரே எங்கே, கழிப்பறை எங்கே என்று கை காட்டுகிற வேலை. யாருடைய அட்டையும், யாருடைய விவரமும் என் கண்ணில் படாது. என் தலையில் இருந்ததெல்லாம் என் தலையிலேயே கிடந்தது.

அன்றைக்கு மணி பதினொன்று இருக்கும். கூட்டத்துக்கு நடுவில் அந்தக் கெலமங்கலத்து மாமியாரும், மருமகளான உத்தனப்பள்ளிப் பெண்ணும் வந்தார்கள். மருமகளுக்கு இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல். கெலமங்கலம் பக்கத்தில் ரோஜாப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். உள்ளங்கையில் முள் ஏறி, கை முழங்கைவரைக்கும் சிவந்து வீங்கியிருந்தது. காய்ச்சலில் கண் சொருகியது. என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள். நானும் சிரித்து, “எமர்ஜென்சி உள்ள போய் வலது பக்கம்மா” என்று கை காட்டினேன். கை காட்டிக் காட்டியே மூளை மரத்துப்போயிருந்தது. எனக்கு அப்போது எதுவும் ஞாபகம் வரவில்லை, சத்தியமாக வரவில்லை.

கால் மணி நேரத்தில் மாமியார் மருந்துக்கடைக் கவரோடு திரும்ப என்னிடம் வந்தார். “எந்தப் பக்கம்மா சொன்ன? இந்த ஆஸ்பத்திரில வழியே தெரியல, தெனம் ஒரு செவுத்த எழுப்பறாங்க” என்றார். கவருக்குள் குப்பி தெரிந்தது. இருபது வருடமாக மருந்துப் பெயர்களைப் பார்த்த கண், தன்னால் படித்தது. பென்சிலின் வகை மருந்து. நான் மேஜையைச் சுற்றி வந்தேனா, தாண்டி வந்தேனா என்று தெரியாது. எமர்ஜென்சிக்கு ஓடினேன். மாமியார் பின்னாலேயே வந்தார்.

உள்ளே அவளுக்கு ஏற்கனவே குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டூட்டி டாக்டர் பெங்களூர்ப் பெண், சின்ன வயது. நான் மூச்சிரைக்க, “மேடம், இந்த மருந்து வேண்டாம், இவங்களுக்கு ஆகாதுன்னு நெனைக்கிறேன்” என்றேன். நினைக்கிறேன் என்றுதான் சொன்னேன். பின்னால் மாமியார் நின்றுகொண்டிருந்தார். பதினைந்து வருடமாகக் காப்பாற்றிய ரகசியத்தை அவர் எதிரில் போட்டு உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

நர்ஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வாமை என்ற இடத்தில் எதுவும் இல்லை என்று இங்கிலீஷில், பச்சையில் எழுதியிருந்தது.

“பழைய அட்டைல இருந்துச்சு மேடம்.”

“ஓகே அக்கா, அந்தப் பழைய அட்டை எங்க இருக்கு? எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்” என்றார் டாக்டர். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே பார்க்கலாம் என்றுதான் கேட்டார்.

டாக்டர் அந்தப் பெண்ணிடமே குனிந்து கேட்டார். “உங்களுக்கு ஏதாவது மருந்து அலர்ஜி இருக்காம்மா?”

அவள் கண்ணைத் திறந்து மாமியாரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். “அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் அதிர்ந்துபோனேன். எந்த ஊசி தன்னைக் கொல்லப் பார்த்ததோ, அது எதிரில் இருக்கும்போது ஒருத்தி இல்லை என்று சொல்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையைக் கத்திச் சொல்ல எனக்குச் சில விநாடிகள் இருந்தன. அந்த விநாடிகளில் நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் எனக்காகத்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, மொதல்ல டெஸ்ட் டோஸ் போடறோம். ரொம்பக் கொஞ்சம்தான், ஏனூ ஆகல்ல” என்றார். ஒன்றும் ஆகாது என்று கன்னடத்தில் எனக்குத் தைரியம் சொன்னார். நர்ஸ் மாமியாரிடமிருந்து குப்பியை வாங்கி, முன்கைத் தோலில் துளியளவு ஏற்றினாள்.

“வேணாம், ஊசி ஆகாது, செத்துடுவா” என்று நான் கத்தியது அதற்குப் பிறகுதான். கத்தி முடிப்பதற்குள் அவள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். உதடு வீங்கியது. அந்த விசில் சத்தம் வந்தது. சிறுமியாக இருந்தபோது கேட்ட அதே சத்தம், பெரிய மனுஷி தொண்டையிலிருந்து. டூட்டி டாக்டர் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன், ஒரு நொடி வீணாக்கவில்லை. மாற்று ஊசியைத் தொடையில் போட்டார், ஆக்சிஜன் வைத்தார், ஆட்களைக் கூப்பிட்டார். ரத்த அழுத்தம் இல்லை என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. என்னையும் மாமியாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கட்டிலை ஐசியுவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கால் வெளியே தெரிந்தது. பழைய மண்வெட்டித் தழும்பு கணுக்காலுக்கு மேல் இருந்தது. அந்தக் காலைத் தொடக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தேன்.

ஐசியு வாசலில் இரும்பு நாற்காலியில் நானும் அந்த மாமியாரும் உட்கார்ந்திருந்தோம். மகனுக்குப் போன் போட்டிருந்தார், கம்பெனியிலிருந்து கிளம்பிவிட்டான். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு டூட்டி டாக்டர் வெளியே வந்தார். மூச்சு சீராகிவிட்டது, இன்னும் ஒரு நாள் பார்க்க வேண்டும், பயமில்லை என்றார். என்னைப் பார்த்து, “உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா?” என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் மேடம் என்றேன். அவர் போன பிறகு மாமியாரிடம் திரும்பினேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

“அம்மா, உங்க மருமகமேல கோவப்படாதீங்க. சின்ன வயசுல ஒரு தடவ இந்த மாதிரி ஆச்சு. அவங்க அம்மாதான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னு கேட்டுக்கினாங்க.”

அந்த அம்மா என்னை நிதானமாகப் பார்த்தார். “எனக்குத் தெரியும்” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

“கல்யாணம் ஆன மறு மாசமே எம் மவன் சொல்லிட்டான். அவங்கிட்ட அழுதுகினே சொல்லிச்சாம் அந்தப் புள்ள. எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு தெரிஞ்சா கூனிக் குறுகிப் போவும்னு, தெரியாத மாதிரியே இருந்துட்டேன். எந்தக் குடும்பத்துலதான் கொறை இல்ல?”

“அப்ப டாக்டர் கேட்டப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு அந்த உரிமை இல்லை என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

“நா எதுக்கு அவள வச்சிக்கினு சொல்லணும்? ஆஸ்பத்திரிக்குத்தான் தெரியுமே. இங்க எல்லாம் எழுதி வச்சிருக்குது, அவங்க பாத்துக்குவாங்கன்னு அவ அம்மா அவகிட்ட சொல்லியிருக்குதாம். அந்தப் புள்ளயும் அத நம்பித்தான இல்லன்னு சொல்லுச்சு? அந்த டிவிப் பொட்டியப் பாத்துச்சே, அதுல இருக்கும்னு நெனச்சிருக்கும். வெளிய போர்டுல பேரு அதேதான கீது?”

ஹோமம் நடந்ததும், கயிற்றின் நிறம் மாறியதும், முதலாளி மும்பைக்குப் போனதும் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பெயர் அதேதான் இருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த நானும் அதே ஆள்தான். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அந்த எழுத்து இருந்த அட்டைய நாந்தாம்மா தூக்கிப் போட்டேன். ரூமக் காலி பண்ணச் சொன்னாங்க. படிச்சுப் பாத்துட்டுத்தான் சாக்குல போட்டேன்.”

திட்டுவார், கன்னத்தில் அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, எம் மருமவ அம்மா மாதிரி வேற யாரும் ஒங்கிட்ட வந்து சொல்லலியா?” என்று கேட்டார்.

“வந்தாங்க.”

“அந்தப் பொண்ணுங்க அட்டையெல்லாம்?”

“அதுவும் போயிடுச்சுங்க.”

“எத்தன பொண்ணுங்கம்மா?”

தெரியாதுங்க என்றேன். சாக்குகளைத்தான் எண்ணினேன்.